குடைக்காரன் பக்கம்

பாப்பா ரயிலேறிப் போன முதல் வாரத்தில் அந்த வீட்டில் நடந்த பேச்சு முழுவதையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

“சாப்பிட்டீங்களா மாமா?”

“ஆச்சு மாப்பிள்ளை. நீங்க?”

“இனிமேதான்.”

அதோடு சரி. பிறகு ஃபிரிட்ஜ் முனகும். மாடி வீட்டில் யாராவது நாற்காலியை இழுப்பார்கள்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. புது மாடல் வந்திருக்கிறது, இரண்டு மாதம் தலைமை அலுவலகத்துக்கு வந்து கற்றுக்கொண்டு போ என்று உத்தரவு வந்த அதே வாரத்தில்தான் அவள் அப்பாவுக்குக் கண்புரை அறுவைக்கு நாள் கிடைத்தது. இரண்டில் எதையும் தள்ளிப்போட முடியவில்லை. அம்மா இருந்திருந்தால் கவலை இல்லை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து, கண்ணில் மூடியோடு சோபாவில் உட்காரவைத்து, “ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சண்டை போடுவதற்கு முதலில் பேச வேண்டுமே.

மாப்பிள்ளை பல்செட்டு செய்கிறவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு நிறம் பார்த்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் மறுபடி ஆப்பிள் கடிக்கிற மாதிரி ஆக்கி அனுப்புவார். நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. வாய்க்கு அங்கே வேலையில்லை. மாமனார் எடை அளவு இலாகாவில் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் இரண்டாவது சொல்லை எடுக்க மாட்டார்.

கல்யாணமாகி ஆறு வருடமாக இருவருக்கும் நடுவில் மரியாதை இருந்தது. மரியாதை மட்டும்தான் இருந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். மாமனார் நின்றால் மாப்பிள்ளை உட்கார மாட்டார். “உக்காருங்களேன் ரெண்டு பேரும், பஸ்ஸா வரப் போகுது?” என்று பாப்பா வந்து அதட்டும்வரை இருவரும் நின்றுகொண்டே இருப்பார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பாப்பா விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவள் இவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே மாமனார் மனதில் வேறொருவர் இருந்தார். கூட வேலை பார்த்த நண்பரின் மகன். நல்ல வேலை, தன்மையான பேச்சு. பாப்பாவின் அம்மா முதல் தடவை உடம்பு முடியாமல் படுத்தபோது மருந்து வாங்கிக்கொண்டு தினமும் வந்து போனவர். மாமனார் இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கல்யாணமான புதிதில் பாப்பாதான் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “எங்கப்பா மனசுல வேற மாப்பிள்ளை இருந்தாரு, தெரியுமா?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அமைதி தாங்காமல் மாப்பிள்ளை டிவியைப் போட்டார். செய்தி வைக்கலாம் என்றுதான். ஆனால் பாப்பா கடைசியாகப் பார்த்து விட்ட இடத்திலிருந்து ஏதோ ஒன்று தானாகவே ஓட ஆரம்பித்தது. ஒரு பெண் கையில் சுத்தியலோடு, கோட்டுப் போட்ட ஒருவனை ஒரு குறுகிய சந்தில் துரத்திக்கொண்டு போனாள். அவன் ஓடி ஓடி ஒரு குப்பைத் தொட்டியில் போய் விழுந்தான்.

மாப்பிள்ளை பதறி ரிமோட்டைத் தேடினார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “அது என்ன பாஷை?”

“கொரியன்னு நினைக்கிறேன் மாமா.”

“அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிக் கத்துது?”

மாப்பிள்ளை கீழே ஓடுகிற தமிழ் எழுத்துகளைப் பார்த்தார். “இவன் அவளோட பூட்டை உடைச்சிட்டானாம்.”

“எதுக்கு உடைச்சான்?”

அது மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. அதனால் முதல் பாகத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

மாமனாரின் ஒரு கண்ணில் அப்போதுதான் அறுவை முடிந்திருந்தது. இன்னொன்று இன்னும் முறை வராமல் புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஆள் அசைவது தெரியும், நிறம் தெரியும், எழுத்து தெரியாது. புதுக் கண்ணாடி போட இன்னும் பல வாரம் ஆகும். ஆகவே கீழே வருகிற ஒவ்வொரு வரியையும் மாப்பிள்ளைதான் உரக்கப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா விட்டுப்போன பூட்டுக்கடையை நடத்துகிற ஒரு பெண். பழைய ஓட்டல் ஒன்றுக்கு வாரிசாக வந்து சேர்ந்த ஒருவன். அங்கே பாதி அறைக்குச் சாவி இல்லை, அவனுக்கோ வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது. பூட்டுக்கடைக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு கால்நடை மருத்துவன். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு நீலக் குடையோடு அவளைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். மூன்று பேருக்கும் கொரியப் பெயர்கள் இருந்தன. மாமனாருக்கு அவை காதில் நிற்கவில்லை. பூட்டுக்காரி, ஓட்டல்காரன், குடைக்காரன் என்று அவரே பெயர் வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் பழகிவிட்டது. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து கை கழுவி, முட்டையோ பிரெட்டோ ஏதாவது செய்து இரண்டு தட்டில் போட்டு எடுத்து வருவதற்குள் மாமனார் சோபாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்து இடம் விட்டு வைத்திருப்பார். எழுந்து நிற்பது எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

“யாருமே சாகலையே மாப்பிள்ளை,” என்றார் ஒருநாள், பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல. “நாலு நாளா பாக்குறோம். யாருக்கும் வியாதி இல்ல, கோர்ட்டு இல்ல, கொலை இல்ல. ஒரு மணி நேரமா, அவன் அந்தக் கையுறையைத் திருப்பிக் குடுப்பானா மாட்டானான்னு உக்காந்திருக்கோம்.”

“வேற மாத்திடவா மாமா?”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு. குடுத்தானா இல்லையா, அதைப் போடுங்க.”

சிக்கல் ஐந்தாம் பாகத்தில் வந்தது. ஓட்டல்காரன் மாடிப்படியில் நின்றுகொண்டு பூட்டுக்காரியிடம் முதல் தடவையாக மனதைத் திறந்தான். கீழே எழுத்து ஓடியது: ‘உன்னை நினைக்காமல் ஒரு கதவைக்கூட என்னால் திறக்க முடியவில்லை. நான் உன்னைக் காதலிக்கிறேன்.’

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பக்கத்தில் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு முகத்தை முன்னால் நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார். பெண் கொடுத்தவரின் காதுக்குள் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி நாக்கு எழும்பும்?

“உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்குன்னு சொல்றான் மாமா.”

“நல்ல பையன்தான் போலிருக்கு,” என்றார் மாமனார்.

அதற்கப்புறம் நிறைய மரியாதை நடந்தது. ஓட்டல்காரன் மழையில் நனைந்துகொண்டு மரியாதை வைத்திருப்பதாகச் சொன்னான். பூட்டுக்காரி தன் தோழியிடம், அவன்மேல் தனக்கும் மரியாதை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதாள். மறுநாள் பாப்பா போனில் கூப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது.

“அப்பா, மாடிப்படி சீன் பாத்துட்டீங்களா? அவன் லவ்வைச் சொல்லுவானே!”

“எங்க சொன்னான்? மரியாதை இருக்குன்னுதானே சொன்னான்?”

போனில் பாப்பா சிரித்த சிரிப்பு சமையலறைவரை கேட்டது. மாப்பிள்ளை அங்கே, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மாமனார் தொண்டையைச் செருமினார். “மாப்பிள்ளை, எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது. எனக்கும் கல்யாணமாகி, ஒரு பொண்ணு இருக்கா. உள்ளதை உள்ளபடி படிங்க. ஒண்ணும் ஆயிடாது.”

“சரி மாமா.”

“மாடிப்படியை இன்னொரு தடவை போடுங்க. சரியாப் படிங்க.”

மாப்பிள்ளை காது சிவக்கச் சிவக்கப் படித்தார். படித்து முடித்ததும் மாமனார் ஒரு பெருமூச்சு விட்டு, “இப்பத்தான் அவ ஏன் படியில தடுக்கி விழுந்தான்னு புரியுது,” என்றார்.

அதற்கப்புறம் மாப்பிள்ளைக்குக் கூச்சம் போய்விட்டது. கூச்சம் போனதும் குரல் வந்தது. பூட்டுக்காரி கத்தினால் கத்திப் படித்தார், ஓட்டல்காரன் முணுமுணுத்தால் முணுமுணுத்தார். பல்செட்டுக் கூடத்தில் மெழுகு உருகுகிற நேரத்தில்கூட, இன்றைக்கு என்ன ஆகுமோ என்று நினைப்பு ஓடியது. பக்கத்து மேஜையில் பீங்கான் பல் செய்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். இந்தத் தொடரை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவள்.

“அக்கா, முடிவைச் சொல்லிடாதீங்க.”

“முடிவு என்ன முடிவு? எல்லாம் ஒரே கதைதான். முதல்ல சண்டை போட்டவனைத்தான் அவ கட்டிப்பா. ரெண்டாவது ஆளுக்குக் குடைதான் மிச்சம்.”

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஏனென்றால் மாமனார் குடைக்காரன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்.

“தங்கமான பையன்,” என்பார். “பூனைக்கு மருந்து குடுக்குறப்பகூட அதுக்கிட்ட மன்னிப்புக் கேக்குறான் பாருங்க.”

“ஓட்டல்காரனும் நல்லவன்தான் மாமா. வெளியில காட்டிக்கத் தெரியல.”

“வெளியில காட்டாத நல்லது யாருக்கு வேணும்? நாயைக்கூடச் சரியாத் தூக்கத் தெரியல அவனுக்கு.”

“பழகிக்குவான் மாமா. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல.”

“குடைக்காரனுக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?”

பேச்சு இப்படியே போகும். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ சுருக்கென்று தைத்தது. மருந்து வாங்கிக்கொண்டு தினமும் வந்த அந்த இன்னொருவரின் முகம் அவருக்குத் தெரியாது. இப்போது அந்த முகத்துக்கு ஒரு நீலக் குடையும் சேர்ந்துகொண்டது.

பதினோராம் பாகத்தில் குடைக்காரன் கை ஓங்கியது. ஓட்டல்காரன் வெளியூர் போயிருந்தான், பூட்டுக்காரிக்குக் காய்ச்சல், குடைக்காரன் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றான். வெளியே மழை. அவன் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நீளமாக ஏதோ சொன்னான். கீழே எழுத்து வந்தது: ‘இன்று மழை வருமா என்று நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் வருவீர்கள் என்பதால் தினமும் குடையோடு வந்துவிடுகிறேன்.’

மாப்பிள்ளை அதைப் பார்த்தார்.

“மழை வரும்போல இருக்கு, நான் கிளம்புறேன்னு சொல்றான் மாமா.”

மாமனார் தலையைச் சற்றுச் சாய்த்தார். “இவ்வளவு நேரம் பேசினான், அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அடுத்த காட்சியில் ஓட்டல்காரன் வெளியூரிலிருந்து போன் பண்ணினான். பூட்டுக்காரி ஏதோ கேட்டாள். அவன் “ம்” என்றான்.

“உனக்காக எத்தனை மைல் வேணும்னாலும் நடந்தே வருவேன்னு சொல்றான்,” என்று படித்தார் மாப்பிள்ளை.

“‘ம்’முக்கு இவ்வளவு அர்த்தமா?” என்றார் மாமனார். “சிக்கனமான பாஷைதான்.”

மாமனார் கையை நீட்டி, மேஜைமேல் துழாவி, ரிமோட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“கண்ணுதான் மாப்பிள்ளை மங்கல். காது நல்லாத்தான் இருக்கு. யாரு எவ்வளவு பேசுறாங்க, எந்தக் குரல்ல பேசுறாங்கன்னு கேக்குது. குடைக்காரன் என்ன சொன்னான்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தராசைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சொன்னா என்ன மாமா? உங்களுக்கு எப்பவுமே குடைக்காரன்தான் ஒசத்தி. ஆறு வருஷமா அப்படித்தானே?”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. டிவியில் எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படிக்க ஆளில்லை. மாமனார் எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பல்செட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை ஒரே பல்லை மூன்று தடவை பிடுங்கி நட்டார். பீங்கான் அக்கா எட்டிப் பார்த்து, “அந்த ஆளுக்குக் கடைவாய்ப் பல்லை முன்னால வைக்கப் போறீங்களா?” என்றாள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சோபாவில் இடம் விட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் மருந்து விட்டே ஆக வேண்டும். சண்டை என்பதற்காகக் கண் காத்திருக்காது.

மாமனார் தலையைப் பின்னால் சாய்த்தார். மாப்பிள்ளை குனிந்து, இடது கைப் பெருவிரலால் கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு விட்டார். அவர் விரலில் மெழுகு வாசனை இன்னும் போகவில்லை. மூச்சு படுகிற தூரத்தில் மாமனாரின் முகம்: வெள்ளை மீசை, மூக்கின்மேல் கண்ணாடித் தடம், கன்னத்தில் சவரக்கத்தி விட்டுப்போன நாலு மயிர். இரண்டு மருந்துக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார்.

“அவன் நல்ல பையன்தான் மாப்பிள்ளை,” என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமல்.

யாரை என்று மாப்பிள்ளை கேட்கவில்லை.

“அதை நான் இன்னைக்கும் மாத்திச் சொல்ல மாட்டேன். தினம் வருவான். அவன் வந்தா பாப்பா எழுந்து நிப்பா. ‘வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுறீங்களா’ம்பா. கிளம்பினா ‘பாத்துப் போங்க’ம்பா. எவ்வளவு மரியாதையா நடந்துக்கிறா, இதுதான் பொருத்தம்னு நான் நினைச்சேன்.” கண்ணோரத்தில் மருந்து வழிந்தது, மாப்பிள்ளை பஞ்சால் ஒற்றினார். “நீங்க முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தது நினைவிருக்கா?”

“இருக்கு மாமா. லேட்டா வந்தேன்.”

“பஸ்ஸுல தூங்கிட்டீங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்தீங்க. பாப்பா வாசல் கேட்டுக்கிட்ட ஓடிப்போய் உங்களைத் திட்டினா. மெதுவாத்தான் திட்டினா, எனக்குக் கேட்டுது. ‘உனக்கு அறிவே கிடையாதா’ன்னா. உனக்கு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உள்ள போய் அவ அம்மாகிட்ட சொன்னேன், ‘பாத்தியா, மட்டு மரியாதை இல்லாமப் பேசுறா’ன்னு. அவ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தா. திரும்பிக்கூடப் பாக்கல. ‘அப்ப முடிஞ்சு போச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சா. என்ன முடிஞ்சு போச்சுன்னு நான் கேக்கவும் இல்ல.”

மாப்பிள்ளை கையில் மருந்துப் புட்டியைப் பிடித்தபடி நின்றார்.

“இந்தப் பூட்டுக்காரி இருக்காளே, அவ குடைக்காரனை எப்பவும் ‘நீங்கள்’ங்கிறா. முதல் நாள்லேருந்து அப்படித்தான். ஓட்டல்காரனை ‘நீ’ங்கிறா. நீங்கதானே வாய் வலிக்கப் படிச்சீங்க? போன வாரம்தான் எனக்கு உறைச்சுது. அவ யாருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.” அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. “பாப்பாவோட அம்மாவுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சது, எனக்குப் புரியறதுக்கு ஆறு வருஷமும் ஒரு கொரியாக்காரியும் தேவைப்பட்டுது.”

மாப்பிள்ளை இரண்டாவது மருந்தை எடுத்துக்கொண்டே, “தெரிஞ்சப்புறமும் எதுக்கு மாமா குடைக்காரனுக்கு அவ்வளவு வக்காலத்து?” என்று கேட்டார்.

“பாவம் மாப்பிள்ளை. நீங்க, பாப்பா, அந்தப் பூட்டுக்காரி, எல்லாரும் ஓட்டல்காரன் பக்கம் போயிட்டீங்க. அவன் பக்கம் வேற யாரு இருக்கா?”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரிப்பில் கை ஆடி இரண்டாவது மருந்து மாமனாரின் நெற்றியில் விழுந்தது. “கண்ணு இன்னும் கொஞ்சம் கீழ இருக்கு,” என்றார் மாமனார்.

அன்று, முந்தின நாள் பார்த்த பாகத்தையே மறுபடி போட்டார்கள். கடை வாசல், மழை, கஞ்சிப் பாத்திரம். மாப்பிள்ளை அந்த வரியை ஒரு சொல் குறைக்காமல் படித்தார். குடைக்காரன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்.

“நல்லாச் சொல்லியிருக்கான்,” என்றார் மாமனார்.

“ஆமா மாமா. நல்லாத்தான் சொல்லியிருக்கான்.”

இரண்டாவது கண்ணுக்கும் அறுவை ஆயிற்று. கதையும் மெல்ல நகர்ந்தது. தினமும் ஒன்றுக்கு மேல் பார்ப்பதில்லை என்று மாமனார் கட்டுப்பாடு வைத்தார். தீர்ந்துவிடும் என்று பயம். மாப்பிள்ளை அடுத்ததைத் தனியாகப் பார்த்துவிடுகிறாரோ என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. வேலையிலிருந்து வர நேரமானால், “போன்ல பாத்துட்டு வந்தீங்களா?” என்று முகத்தை உற்றுப் பார்ப்பார். பாப்பா போனில் கூப்பிட்டால், இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள். “நான் இன்னும் அவ்வளவு தூரம் வரல, வாயை மூடுங்க ரெண்டு பேரும்,” என்று அவள் போனை வைத்துவிடுவாள். அங்கே அவளுக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தால் தூங்கத்தான் நேரம் இருந்தது.

புதுக் கண்ணாடி வந்தது. கடைசிப் பாகத்தை மாமனார் தன் கண்ணாலேயே படித்துப் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் உரக்கப் படித்துக்கொண்டே இருந்தார், மாமனாரும் தடுக்கவில்லை. பூட்டுக்காரி ஓட்டல்காரனைத்தான் கட்டிக்கொண்டாள். குடைக்காரன் வேறொரு ஊருக்கு மாற்றலாகிப் போகிற பஸ்ஸில், ஒரு முயல்கூண்டோடு ஏறிய பெண் ஒருத்தி பக்கத்து இருக்கை காலியா என்று கேட்டாள். அவ்வளவுதான் காட்டினார்கள். “அது போதும் அவனுக்கு,” என்றார் மாமனார். “அந்த முயல் நோஞ்சானா இருக்கு. மருந்து தேவைப்படும்.”

நாலு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், பாப்பா பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். கதவுக்கு வெளியிலேயே அவளுக்குக் குரல் கேட்டது. அப்பா உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உரக்கப் பேசி அவள் கேட்டதே இல்லை.

“நீங்க என்ன சொன்னாலும் சரி, அவன் திருந்த மாட்டான்!”

“ஆறு மாசம் பொறுங்க மாமா, அவன் எப்படி மாறுறான்னு பாருங்க!”

“நாயைத் தூக்கத் தெரியாதவன் நாளைக்குப் பிள்ளையை எப்படித் தூக்குவான்?”

பாப்பா அவசரமாகச் சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினாள். இரண்டு பேரும் சமையலறையில் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றிருந்தார்கள். அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது.

“யாரைப் பத்திப்பா பேசிக்கிட்டிருக்கீங்க?”

“ஓட்டல்காரன்மா,” என்றார் அப்பா. “கல்யாணத்துக்கு அப்புறம் அவன்...”

“ஐயோ! அவனா கட்டிக்கிறான்? சொல்லிட்டீங்களே! ரெண்டு மாசமா ஒருத்தர்கிட்டயும் கேக்காம, போன்ல எங்கயும் பாக்காமக் காப்பாத்தி வச்சிருந்தேன்!”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே,” என்றார் கணவர் மெதுவாக.

“நீ பேசாத. உன்னை நம்பி எங்கப்பாவை விட்டுட்டுப் போனேன் பாரு.” சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா அதைக் காதில் வாங்காதவர்போல அடுப்பை அணைத்தார்.

பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, தான் விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னாள். சோபாவில் அவர்கள் இருவரும் உட்கார, அவள் கீழே தரையில், இரண்டு பேர் காலுக்கும் நடுவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். “வாயைத் திறந்தா ரெண்டு பேரையும் வெளியில அனுப்பிடுவேன்,” என்றாள்.

வாயைத் திறக்கவில்லை. டிவியில் என்ன வரும் என்று அவர்களுக்கு வரிக்கு வரி தெரியும். அதனால் டிவியைப் பார்க்கவும் இல்லை. ஓட்டல்காரன் வழி தவறி, நாய்கள் குளிக்கிற தொட்டியில் காலை விடப்போகும் இடம் வந்துகொண்டிருந்தது. மாமனார் மெதுவாக முன்னால் குனிந்து, மகளின் முகம் தெரிகிற பக்கமாகத் தலையைச் சாய்த்தார். மாப்பிள்ளையும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார்.

“இப்பப் பாருங்க,” என்று மாமனார் அவர் காதில் சொன்னார்.

இரண்டு பேரும் அவள் சிரிக்கப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.